தடங்கலுக்கு வருந்துகிறேன்

செத்துப்போன பெண் ஒருத்தி அன்று காலை வானொலியில் ஊருக்கே வணக்கம் சொன்னாள்.

வணக்கத்தோடு நிறுத்தியிருந்தால் ஊர் திடுக்கிட்டு, ரெண்டு நாள் பேசிவிட்டு மறந்திருக்கும். ஆற்றுப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கிறது, வாகனங்கள் சுற்றுவழியில் செல்லவும் என்று அறிவிப்பும் கொடுத்துவிட்டாள். பாலம் என்னவோ திறந்துதான் கிடந்தது. வானொலியை நம்பிச் சுற்றுவழியில் போன ஒரு காரில், ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே ஒரு குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். தகப்பன்தான் நலமாக இல்லை. வானொலி நிலையத்து வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போயிருந்தான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அழுத்தக்காரருக்கு ஃபோன் போயிற்று.

ஊரில் அவரை அப்படித்தான் சொல்வார்கள். துப்பறிகிற தொழிலுக்கு நல்ல பெயர். குடித்தனத்துக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. வாயைத் திறக்காத மனிதரோடு எவ்வளவு காலம்தான் ஓட்டுவது என்று கேட்டுவிட்டு அவர் மனைவி கிளம்பிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லவில்லை. இப்போது அவரோடு வாய் ஓயாமல் பேசுகிற ஒரே ஆள் அவருடைய அக்கா மகள்தான். பாங்க் வேலையை உதறிவிட்டு மாமாவுக்கு உதவியாக வந்தவள். அவள் பட்டப்பெயர் வாயாடி. இதற்கு விளக்கம் தேவையில்லை.

நிலையத்தின் முதலாளியம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

"மூணு மணிக்குப் போலீஸ் வருது. அதுக்குள்ள ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க, போதும். ஆள் யாருன்னு எனக்கே தெரியும்."

"அப்ப நாங்க எதுக்கும்மா? கை தட்டவா?" என்றாள் வாயாடி.

முதலாளியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ட்ரோல் ரூம் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டினாள். "காலை அறிவிப்பை இந்த மெஷின்தான் போடும். இன்னைக்கு என்ன தேதின்னு பார்க்கும், அந்தத் தேதிக்கு உள்ள பதிவை எடுத்து ஓட விடும். மனுஷக் கையே வேண்டாம். எவனோ தேதியைப் பின்னால தள்ளிட்டான். மே மாசத்துப் பதிவு ஓடிடுச்சு. அப்ப நேரடியாப் பேசினதையும் இதே மெஷின் தேதி வாரியாப் பதிஞ்சு வெச்சிருக்கு. மே மாசம் காலையம்மா உயிரோட இருந்தாங்க."

காலையம்மா என்பது நேயர்கள் வைத்த பெயர். வருஷக்கணக்காக அந்த ஊர் அவள் குரலில்தான் கண் விழித்தது. ஜூன் மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். இப்போது நடப்பது அக்டோபர்.

"யாரைச் சந்தேகப்படறீங்க?" என்றார் அழுத்தக்காரர்.

"ஒலிப்பதிவாளனைத்தான். தேதியை மாத்தத் தெரிஞ்சவன் இந்தக் கட்டடத்துல அவன் ஒருத்தன்தான். போன மாசம் எல்லார் முன்னாடியும் திட்டினேன், மனசுல வெச்சுக் கருவிக்கிட்டே இருந்தான். நேத்துன்னு பார்த்து லீவு போட்டிருக்கான். ஊர்லயே இல்லாதவன் மேல பழி வராதுன்னு ஒரு கணக்கு."

"அவர் என்ன சொல்றார்?"

"வாயைத் திறக்க மாட்டேங்கறான். தப்பு செய்யாதவன் எதுக்குப் பேசாம இருக்கணும்?"

வாயாடி மாமாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். தப்பே செய்யாமல் ஆயுசு முழுக்கப் பேசாமல் இருக்கிற ஒருவரை அவளுக்குத் தெரியும்.

முதலாளியம்மா வெளியே போனதும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையின் அடியில் சுருங்கிக் கிடந்த ஒரு கறுப்பு ஜன்னலைப் பெரிதாக்கினாள். படம், பொத்தான் எதுவும் கிடையாது. வெறும் எழுத்து மட்டும்.

"மாமா, இதுல கட்டளையை எழுத்தா அடிக்கணும். இப்ப 'டேட்'னு அடிக்கறேன் பாருங்க."

அடித்தாள். இன்றைய தேதி மே பதினொன்று என்றது மெஷின்.

"பாவம், இதுக்கு வயசு குறையுது. நமக்குத்தான் ஏறிக்கிட்டே போகுது."

"கீழ என்னவோ கேட்குதே?"

"அதான் இதோட குணம். நாம தேதி கேட்டா சொல்லும். சொல்லிட்டு, சரி, நீ என்ன தேதி சொல்றேன்னு நம்மளைத் திருப்பிக் கேட்கும். பதில் சொல்லாம எண்டரைத் தட்டினா விட்டுடும். ஏதாவது தேதியைச் சொன்னா அப்படியே நம்பிடும். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி குறுக்குக் கேள்வியெல்லாம் கேட்காது." அவள் எண்டரைத் தட்டினாள்.

"சும்மா பார்க்க மட்டும் வழி இல்லையா?"

"இருக்கு. டேட் பக்கத்துல ஒரு சாய்கோடும் 'டீ'ங்கற எழுத்தும் போட்டா தேதியை மட்டும் காட்டிட்டு வாயை மூடிக்கும். உங்களுக்கு ஏத்த கட்டளை அதுதான்."

அழுத்தக்காரர் சிரிக்கவில்லை. ஜன்னலை மேலே தள்ளச் சொன்னார். யாரும் அதை மூடாமலே விட்டிருந்ததால் பழைய எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. அதில் ரெண்டு கைகள் தெரிந்தன. ஒரு கை எப்போதும் சாய்கோடு போட்டுப் பார்த்தது. இன்னொரு கைக்குச் சாய்கோடே தெரியவில்லை. வெறும் டேட், மெஷின் கேட்ட கேள்வி, அதற்குக் கீழே ஒழுங்காக ஒரு பதில். தினமும் ஏதோ ஒரு பழைய தேதி. கொஞ்சம் கழித்து மறுபடி டேட், மறுபடி கேள்வி, அன்றைய தேதி.

"இங்க வேலை செய்யற ஆளு சாய்கோட்டுக்காரர்," என்றார் அழுத்தக்காரர். "மத்தவர் விருந்தாளி. கேட்டா பதில் சொல்லாம வர்றது மரியாதை இல்லைன்னு நினைக்கிறவர்."

"அட, அந்த விருந்தாளி தேதியைத் தப்பாப் போட்டிருக்கார் பாருங்க!" வாயாடி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "நேத்து அக்டோபர் அஞ்சு. நாம எப்பவும் நாளை முன்னாடி போட்டு மாசத்தைப் பின்னாடி போடுவோம் இல்ல? அஞ்சு, பத்துன்னு அடிச்சிருக்கார். ஆனா இந்த மெஷினுக்கு மாசம் முன்னாடி வரணும். அஞ்சாம் மாசம் பத்தாம் தேதின்னு அது எடுத்துக்கிச்சு. ராத்திரி தாண்டினதும் மே பதினொண்ணு. காலைல அதுதான் ஓடியிருக்கு!"

"அப்ப தள்ளி விடலை. திருப்பி வைக்கப் பார்த்திருக்கார்."

"அதேதான். சதியும் இல்ல ஒண்ணும் இல்ல, கை பழக்கம்."

"தினமும் இப்படித் தப்பு நடந்திருக்கணுமே. மத்த நாள் ஏன் ஓடலை?"

வாயாடி விரலை வைத்துப் பார்த்தாள். அக்டோபர் ஆரம்பத்தில் ஒவ்வொரு நாளும் அதே தலைகீழ்த் தேதி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே சாய்கோட்டுக்காரர் வந்து பார்த்து, மாதத்தை முன்னால் போட்டுச் சரிசெய்திருந்தார். நேற்று மட்டும் சரிசெய்ய ஆள் இல்லை. அவர் லீவு.

அழுத்தக்காரருக்குப் புரிந்துவிட்டது. ஒலிப்பதிவாளனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஒருவருக்குப் பின்னாலேயே போய்ச் சுவடில்லாமல் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது போலீஸ் வரும் நேரத்திலும் மூச்சு விடாமல் இருக்கிறான்.

"இன்னும் மேல போ. செப்டம்பர் கடைசி."

அங்கே வேறு மாதிரி இருந்தது. இருபத்தெட்டு, ஒன்பது என்று விருந்தாளி அடித்திருந்தார். இருபத்தெட்டாவது மாதம் என்று உலகத்தில் ஒன்று கிடையாதே. பன்னிரண்டு வரை எது நாள், எது மாதம் என்று மெஷினுக்குப் புரியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டினால் முறைத்துக்கொள்ளும். இந்தத் தேதியை ஏற்க முடியாது என்று அது சொல்லியிருந்தது. சொல்லிவிட்டு மறுபடி தேதி கேட்டிருந்தது. அதற்குக் கீழே, தேதி இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தை ரெண்டு.

வாயாடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "தடங்கலுக்கு... வருந்துகிறேன்." அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மெஷின்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கார் மாமா! அது அந்த மன்னிப்பையும் ஏற்க முடியாதுன்னு சொல்லியிருக்கு!"

அழுத்தக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரேடியோவுல இதை எப்படிச் சொல்வாங்க?"

"தடங்கலுக்கு வருந்துகிறோம்."

"இங்க?"

"வருந்துகிறேன்." சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "றோம் இல்ல. றேன்."

"கூட இருந்தவங்க போயிட்டாங்க போல."

வாயாடி விரலைச் சொடுக்கினாள். "காலையம்மாவோட வீட்டுக்காரர்! பொண்டாட்டி குரலைக் கேட்கப் பின்பக்கமா வந்து போயிட்டு இருக்கார். கேஸ் முடிஞ்சுது, காபி சொல்லுங்க."

காபிக்கு வேலை வரவில்லை. முதலாளியம்மாவிடம் எண்ணை வாங்கி வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தார்கள். அவர் ஜூலையிலிருந்து வெளியூரில் மகள் வீட்டில் இருந்தார். பின்னணியில் பேரப்பிள்ளைகள் கத்தினார்கள். மகளே ஃபோனை வாங்கி, அப்பா ஒரு நாள்கூட இங்கிருந்து நகரவில்லை என்று சத்தியம் செய்தாள். வாயாடி வாயை மூடிக்கொண்டாள்.

ஒலிப்பதிவாளன் ஸ்டோர் ரூமில் சுருட்டிய ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். ஃபோனில் யாரோ திரும்பத் திரும்ப அழைக்க, எடுக்காமல் வெட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீங்க சாய்கோடு போட்டுத்தான் பார்ப்பீங்க. அது தெரிஞ்சு போச்சு," என்றார் அழுத்தக்காரர். "இன்னொருத்தர் யாரு?"

"நான்தான் சார் எல்லாம். எழுதிக்கங்க, கையெழுத்துப் போடறேன்."

"கேஸ் ஆனா அப்புறம் வேற எங்கயும் வேலை கிடைக்காது தம்பி," என்றாள் வாயாடி. "அந்த ஃபோனை எடுத்து வீட்ல என்ன சொல்லப் போறீங்க?"

அவன் அடுத்த அழைப்பையும் வெட்டினான். பிடியே கொடுக்கவில்லை.

அழுத்தக்காரர் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "காலையம்மா தனியா அறிவிப்பு படிச்சாங்களா, கூட யாராவது இருந்தாங்களா?"

அவ்வளவுதான். அவன் கண் கலங்கிவிட்டது.

"அவர் அழுவார் சார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, பழைய தேதியைப் போட்டு, வெளியே போகாம ஹெட்ஃபோன்ல மட்டும் அவங்க குரலைக் கேட்டுக்கிட்டு அழுவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துட்டேன். அதைப் போய் நான் என்னன்னு புகார் எழுதுவேன்? அவர் போன பிறகு தேதியைச் சரி பண்ணிட்டு வந்துடுவேன். நேத்து என் வீட்டுக்காரியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா கூசிப் போயிடுவாரேன்னு விட்டுட்டேன்."

கட்டடத்தின் பின்பக்கம், பழைய ஒலிநாடாக்கள் அடுக்கிய அறை. அங்கே ஒரு மேஜை போட்டு ஒருவர் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒழுங்காக வாரிய நரைமுடி. நேயர்கள் அவரை ஆமாங்க என்பார்கள். காலையம்மா எதைச் சொன்னாலும் எதிர் நாற்காலியிலிருந்து "ஆமாங்க" என்று ஒரு குரல் வரும், அது இவர்தான். அவள் போன பிறகு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, புதுக் குரலில் முன்கூட்டியே பதிவு செய்து மெஷினில் ஏற்றிவிட்டார்கள். ஆமாங்க என்று சொல்ல அதில் இடம் இல்லை.

அழுத்தக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "நேத்து மத்தியானம் தேதியைத் திருப்பி வெச்சீங்களா?"

"வெச்சேனே," என்றார் அவர் வெள்ளந்தியாக. "அஞ்சு, பத்து. சரியாத்தான் அடிச்சேன். அது ஒண்ணும் சொல்லலையே?"

வாயாடி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அஞ்சு, பத்து. மெஷின் படித்த விதம் இது. அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். குட்டு வெளிப்பட்ட மனிதரின் பயம் அவர் முகத்தில் இல்லை. கதை புரியாத குழந்தைக்கு இப்போதுதான் புரிகிற மாதிரி இருந்தது.

"அப்ப காலைல அது என்னாலயா?" என்றார். "நான் வீட்ல சவரம் பண்ணிட்டு இருந்தேன். பாதி முகத்துல சோப்பு. ரேடியோவுல அவங்க வணக்கம்னாங்க. பாலம் மூடியிருக்குன்னாங்க. நான் ஆமாங்கன்னு சொல்லிட்டேன். வாய்விட்டே சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் அவங்க இல்லைங்கறது நினைவு வந்துச்சு."

வாயாடி அந்தக் காகிதத்தை மடித்து வைத்தாள்.

"உங்களுக்கு அந்தக் கறுப்புத் திரையை யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் வாயாடி. அவள் குரலே மாறியிருந்தது.

"அவங்கதான். நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது இன்னைக்கு இன்ன தேதின்னு படிக்கணும் இல்லையா? டேட்னு அடிச்சுப் பார்த்துப் படிப்பாங்க. நாம கேட்டா இது நம்மளைத் திருப்பிக் கேட்குது பாருங்கன்னு சிரிப்பாங்க. எனக்குக் கம்ப்யூட்டர்ல தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதாம்மா. பழைய நாள் ஒண்ணைச் சொன்னா அந்த நாளைப் போட்டுடும்னு அப்புறம் நானாக் கண்டுபிடிச்சேன்."

"அந்தப் பதிவையெல்லாம் ஒரு சின்ன பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன் அண்ணே. வீட்லயே கேட்கலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை."

"குடும்மா, வாங்கிக்கறேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அது கேட்காது இல்லையா?"

"எது?"

"தேதி. அந்த மெஷின் என்கிட்ட தேதி கேட்கும். ஒரு நாளைக்கு என்னை யாராவது ஏதாவது கேட்கறதுன்னா அது ஒண்ணுதான். அதனாலதான் பதில் சொல்லாம வர மனசு வராது."

வெளியே ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஆமாங்க தலை நிமிர்ந்தார். "போலீஸா? எதுக்கு?"

"ஒலிப்பதிவாளரைக் கூட்டிட்டுப் போக," என்றார் அழுத்தக்காரர். "அவர்தான் செஞ்சார்னு முதலாளியம்மா நினைக்கறாங்க. அவரும் ஆமான்னுட்டார்."

அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆமாங்க எழுந்து, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, விடுவிடுவென்று முதலாளியம்மா அறைக்குப் போனார். ஊர் அறிந்த குரலில், நிறுத்தி நிதானமாக, எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டு வந்த இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

முதலாளியம்மா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்த முடியவில்லை. "தம்பி, நீ போய் வேலையைப் பாரு," என்றாள் ஒலிப்பதிவாளனிடம். அவன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடினான். இன்ஸ்பெக்டர் எழுதுவதற்கு எதுவும் இல்லாமல் கிளம்பினார். அப்புறம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நடுரோட்டுல குழந்தை பிறந்திருக்கு அண்ணே. கண்ட்ரோல் ரூமை இனிமே பூட்டித்தான் வைக்கணும். நாளைக்குப் புது மெஷின் வருது. அது தேதியைத் தானா எங்கிருந்தோ எடுத்துக்குமாம், யாரையும் கேட்காதாம்," என்றாள்.

"சரிங்கம்மா. அதுதான் நியாயம்," என்றார் ஆமாங்க. திரும்பி, வந்த வழியே நடந்தார். யாரும் கூடப் போகவில்லை.

கேஸ் முடிந்தால் அழுத்தக்காரர் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார். உண்மையைக் கண்டுபிடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போவதுதான் அவர் வழக்கம். அதற்குப் பிறகு அங்கே இருப்பவர்கள் அழுவதைப் பார்க்க அவருக்கு ஆகாது. வாயாடி அது தெரிந்து முன்னாலேயே போய்க் காரைக் கிளப்பி வைத்திருந்தாள். மாமா வரவில்லை. ஹாரன் அடித்தாள். அப்போதும் வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே தேடிக்கொண்டு வந்தாள்.

பின்பக்கத்து அறையில் அவர் ஒரு நாற்காலியை இழுத்து ஆமாங்கவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இன்னும் ஏதாவது விசாரணை இருக்கா சார்?" என்றார் ஆமாங்க.

"இல்லை," என்றார் அழுத்தக்காரர். "எப்படிப் போனாங்க? என்ன ஆச்சு?"

ஆமாங்க விழித்தார். "யாரு, அவங்களா?"

"ஆமா."

"அவங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாரும் கேட்டாங்க. தெருவே போய்க் கேட்டுச்சு. நானும் வரிசையில நின்னு கேட்டேன்." அவர் பேனாவை மூடி வைத்தார். "என்கிட்ட யாரும் கேட்கலை சார். நான் அவங்களுக்கு என்ன உறவு, என்கிட்ட கேட்க?"

"நான் கேட்கறேன். சொல்லுங்க."

ஆமாங்க, மைக் முன்னால் பேசுகிற குரலை விட்டுவிட்டு, கரகரத்த சாதாரணக் குரலில் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு வரும்போதே லேசாத் தலைவலின்னாங்க. மாத்திரை போடுங்கன்னேன், கேட்கலை. தண்ணி கொண்டு வந்து வெச்சேன்..."

அவரால் மேலே சொல்ல முடியவில்லை. வாயாடி கதவருகே நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழுத்தக்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.